எங்கே கோடு கிழிப்பது?

பெரிய மென்பொருளை, தனித்தனியாக ஓடி நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டது ஒன்றைத்தான்: இதை எப்படிக் கற்றுக்கொள்வது? இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதிலேயே இப்போது என் நாளில் பெரும்பகுதி போகிறது. அதனால் இந்த முறை பதில்கள் கொஞ்சம் நீளம். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: பேருந்தில் இருக்கை முன்பதிவு. யாருக்கும் விளக்கத் தேவையில்லாத வேலை. உள்ளே இறங்கினால் ஆழம் அதிகம்.

மேடம், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். டாக்கர், குபெர்னெட்டிஸ், காஃப்கா மூன்றிலும் ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டேன். ஒரு நேர்முகத் தேர்வில் முன்பதிவு சிஸ்டம் ஒன்றை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். "இந்தக் கோட்டை ஏன் இங்கே போட்டீர்கள்?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். நான் எதைப் படிக்காமல் விட்டேன்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். நீங்கள் படித்த மூன்றும், பிரித்து முடித்த பிறகு ஓட்டுவதற்கான கருவிகள். எந்த இடத்தில் பிரிப்பது என்று அவை சொல்லித்தராது. அதற்கான கோர்ஸ் குறைவு, ஏனென்றால் அதைப் பார்த்துப் படிக்க முடியாது. கையால் போட்டுப் பார்த்துத்தான் வரும்.

1972-ல் டேவிட் பார்னாஸ் ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு வரியிலும் உள்ள சொற்களைச் சுழற்றி, கிடைக்கும் வரிகளையெல்லாம் அகரவரிசையில் அடுக்கித் தரும் ஒரு புரோகிராம். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், வேலை நடக்கும் வரிசைப்படி: வரிகளை உள்ளே வாங்கு, சுழற்று, அடுக்கு, அச்சிடு. இரண்டாவது விதத்தில், நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைத்தார். இரண்டும் சரியாகவே ஓடும். ஆனால் வரிகளைச் சேமிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று வந்தால், முதல் பிரிவில் எல்லாப் பகுதியிலும் கை வைக்க வேண்டும். இரண்டாவதில் ஒன்றில் வைத்தால் போதும். ஒரே கணினிக்குள் ஓடுகிற புரோகிராமைப் பற்றித்தான் அவர் பேசினார். சர்வீஸ்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைப் பயிற்சியாக மாற்றுவது எளிது. முன்பதிவு சிஸ்டத்தை ஒரு தாளில் மூன்று முறை வரையுங்கள். முதலில் பெயர்ச்சொற்களை வைத்து: பயணி, இருக்கை, டிக்கெட், கட்டணம். அடுத்து, நடக்கும் வரிசையை வைத்து: தேடு, தேர்ந்தெடு, பணம் கட்டு, உறுதிசெய். மூன்றாவதாக, எந்த முடிவை யார் எடுப்பது என்பதை வைத்து: எந்த இருக்கை யாருக்கு, கட்டணம் எவ்வளவு, பணம் எப்படி வந்து சேர்கிறது, பயணிக்கு எதை எப்போது தெரிவிப்பது. பிறகு இன்னொரு தாளில் பத்து மாற்றங்களை எழுதுங்கள். ரத்து செய்தால் பணம் திருப்பித்தரும் விதி மாறுகிறது. பணம் வாங்கித்தர இரண்டாவதாக ஒரு நிறுவனம் சேர்கிறது. நான்கு பேர் சேர்ந்து போகிறவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்கிறார்கள். எல்லா இருக்கையும் விற்றுத் தீர்ந்த 40 இருக்கை வண்டி பழுதாகி, 36 இருக்கை வண்டி வருகிறது. இப்படிப் பத்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒவ்வொரு படத்திலும் எத்தனை பெட்டிகளைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணி, பக்கத்தில் எழுதுங்கள்.

எண்ணும்போதுதான் விஷயம் பிடிபடும். அந்த 36 இருக்கை வண்டியையே பாருங்கள். பெயர்ச்சொல் படத்தில், இருக்கை சர்வீஸுக்குப் புது வண்டியின் அமைப்பு தெரிய வேண்டும். இடம் இழந்த நான்கு பேரின் டிக்கெட்டை டிக்கெட் சர்வீஸ் திருத்த வேண்டும். கட்டண சர்வீஸ் பணத்தைத் திருப்ப வேண்டும். போன் நம்பருக்காகப் பயணி சர்வீஸைக் கேட்க வேண்டும். நான்கு பெட்டியும் தொட்டாயிற்று. மூன்றாவது படத்தில், இருக்கை ஒதுக்கும் சர்வீஸ் "இந்த நான்கு ஒதுக்கீடும் ரத்து" என்று அறிவித்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. பயணி தானாக ரத்து செய்யும்போது வரும் அதே அறிவிப்புதான் இது. பணத்தைப் பார்க்கிறதும் தகவல் அனுப்புகிறதும் இதை ஏற்கெனவே கேட்டுப் பழகியவை. அவற்றில் ஒரு வரிகூட மாறாது.

நான் இதைத் தாளில் கற்கவில்லை. வேலைக்கு வந்த ஐந்தாம் வருடம், ஒரு நிறுவனத்தில், டேட்டாபேஸில் எத்தனை முக்கிய டேபிளோ அத்தனை சர்வீஸ் என்று பிரித்தோம். பிரித்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்று மாதம் கழித்து, ஒரே முன்பதிவில் இரண்டு பயணிகளின் பெயர் வர வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்து சர்வீஸ், மூன்று டீம், ஒரே ராத்திரியில் சேர்த்து ரிலீஸ். நள்ளிரவு தாண்டிய பிறகு ஒன்று மட்டும் பழைய வெர்ஷனிலேயே நின்றுவிட, மற்ற நான்கையும் பின்னுக்கு இழுத்தோம். விடியற்காலையில் ஒயிட்போர்டில் இருந்த ஐந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தனித்தனியாக வரைந்திருந்தோம், எது அசைந்தாலும் ஐந்தும் சேர்ந்துதான் அசைந்தன. பத்து மாற்றங்களை எழுதி எண்ணியிருந்தால், ஒரு மத்தியானத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கல்லூரியில் சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர் (எஸ்ஓஏ) பாடம் எடுக்கிறேன். பாடத்திட்டம் முழுக்க சோப் (சர்வீஸ்கள் செய்தி பரிமாறும் முறை), டபிள்யூஎஸ்டிஎல் (ஒரு சர்வீஸிடம் என்ன கேட்கலாம் என்று விவரிக்கும் மொழி), யுடிடிஐ (சர்வீஸ்களின் டைரக்டரி). "இதெல்லாம் இப்போ யார் சார் யூஸ் பண்றாங்க?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை மாற்றுவது என் கையில் இல்லை. எப்படி நடத்தினால் அவர்களுக்கு உதவும்?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சோப் பேசும் பழைய சிஸ்டங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் மாணவர்களில் சிலர் அவற்றோடு இணைக்கும் வேலையைச் செய்யத்தான் போகிறார்கள். யுடிடிஐ கதை வேறு. 2000-ல் வந்தபோது அதன் கனவு பெரியது: உலகத்து சர்வீஸ்களுக்கெல்லாம் ஒரு பொது டைரக்டரி, மென்பொருள் தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூன்றும் நடத்திவந்த அந்தப் பொது டைரக்டரியை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். ஏன் நிலைக்கவில்லை என்று ஒரு மணி நேரம் வகுப்பில் பேசவிடுங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் சர்வீஸை நம்பி என் பயணியின் பணத்தைக் கொடுப்பேனா? விலாசம் கிடைத்தால் போதுமா? நேரத்துக்குப் பதில் வராவிட்டால் யாரைக் கேட்பது? சர்வீஸ் என்பது தொழில்நுட்ப இணைப்பு மட்டும்தான் என்ற எண்ணம் அந்த ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும்.

டபிள்யூஎஸ்டிஎல்லில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒப்பந்தத்தை முதலில் எழுதும் பழக்கம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி "இருக்கை ஒதுக்கும் சர்வீஸ்" ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதட்டும்: என்ன கேட்கலாம், என்ன பதில் வரும், எந்தெந்தப் பிழைகள் வரும். மற்ற பாதி அந்தத் தாளை மட்டும் பார்த்து புரோகிராமை எழுதட்டும். எதிர் அணியிடம் வாய் திறந்து கேட்கக் கூடாது. "இருக்கை காலி இல்லை" என்பது பிழையா, சாதாரணப் பதிலா என்ற இடத்தில் இரண்டு அணியும் முட்டிக்கொள்ளும். ஒப்பந்தத்தில் எழுத மறந்தவை அத்தனையும் வெளியே வரும். சோப் போய் ஜேசன் வந்தாலும் கிராஃப்க்யூஎல் வந்தாலும் அந்தப் பாடம் பழசாகாது.

இன்னொன்று சொல்கிறேன். நான் நடத்தும் பயிற்சிகளில் இதைவிடப் பலன் தந்தது எதுவும் இல்லை. 1989-ல் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும், ஆப்ஜெக்ட்களைச் சொல்லிக்கொடுக்கச் சின்ன அட்டைகளைப் பயன்படுத்தும் ஒரு முறையை எழுதினார்கள். ஓர் அட்டையில் பெயர், பொறுப்பு, யாருடைய துணை வேண்டும், அவ்வளவுதான். நான் அதையே சர்வீஸ்களுக்குப் பயன்படுத்துகிறேன், ஒரு மாற்றத்தோடு. ஆளுக்கொரு அட்டை. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. எதுவானாலும் சீட்டில் எழுத வேண்டும். சீட்டை எடுத்துக்கொண்டு போகிறவள் நான். அதாவது நான்தான் நெட்வொர்க். சில சீட்டைத் தாமதமாகக் கொடுப்பேன், சிலவற்றைத் தொலைப்பேன், ஒன்றிரண்டை இரண்டு முறை கொடுப்பேன்.

ஒரு முறை, பணம் வாங்கும் சர்வீஸாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கருத்தாகச் செய்கிற பெண். "முன்பதிவு 12, பணம் வாங்கவும்" என்று இருக்கை சர்வீஸாக இருந்த பையனிடமிருந்து சீட்டு வந்தது. ரசீது எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். பையன் காத்திருந்தான். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அதே வாசகத்தை இன்னொரு சீட்டில் எழுதி நீட்டினான். அவள் வாங்கிப் படித்தாள், இரண்டாவது ரசீதையும் எழுதினாள். எழுதி முடித்து, தன் பக்கத்தில் வைத்திருந்த கணக்குத் தாளில் குறிக்கப் போனவள், கையை நிறுத்தினாள். "இவங்ககிட்ட ரெண்டு தடவை வாங்கிட்டேனா?" பேசக் கூடாது என்ற விதியை மறந்து வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

நான் ஒன்றும் விளக்கவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் அந்தத் தாளையே பார்த்தார்கள். கடைசியில் பையன்தான் சொன்னான்: "நான் சீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு அனுப்பறேன். அதே நம்பர் திரும்ப வந்தா புதுசா வாங்காத, பழைய ரசீதையே திருப்பிக் கொடு." அடுத்த ஆட்டத்தில் இன்னொருவர் இரண்டாம் சீட்டுக்குப் புது நம்பர் போட்டுவிட, அதுவும் உதவாது என்று கண்டுபிடித்தார்கள். நம்பரை அனுப்புகிறவர் போட வேண்டும். மறுபடி அனுப்பும்போது அதே நம்பரைப் போட வேண்டும். ஒரே கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒரு முறைதான் என்ற இந்தக் குணத்துக்கு, அதற்குப் பிறகுதான் ஐடெம்பொட்டன்சி என்ற பெயரைப் பலகையில் எழுதினேன். "நெட்வொர்க் நம்பகமானது" என்ற எண்ணத்தை, டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டங்களில் (பல கணினிகள் நெட்வொர்க்கில் சேர்ந்து வேலை செய்பவை) இறங்குகிறவர்கள் செய்யும் முதல் பிழையாக 1990-களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் பட்டியலிட்டிருந்தார். பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் தேர்வில் எழுதிவிட்டு மறப்பார்கள். இரண்டாவது ரசீதைத் தன் கையால் எழுதியவள் மறக்க மாட்டாள்.

எஸ்ஓஏவும் மைக்ரோசர்வீஸும் ஒன்றா, வேறா?

அடிப்படை ஒன்று. ஒப்பந்தத்தை நடுவில் வைத்து, தனித்து நிற்கும் பகுதிகளாகக் கட்டுவது. எஸ்ஓஏ காலத்தில் பல இடங்களில் நடுவே ஒரு பெரிய "பஸ்"ஸை, அதாவது எல்லா சர்வீஸ்களின் செய்திகளும் கடந்துபோகும் பொது மென்பொருளை வைத்து, விதிகளையும் உருமாற்றங்களையும் அதற்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். 2014-ல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் மைக்ரோசர்வீஸ் பற்றி எழுதியபோது வலியுறுத்தியது அதற்கு எதிர்த்திசை: அறிவு முனைகளில் இருக்கட்டும், நடுவில் இருக்கும் குழாய் வெறும் குழாயாக இருக்கட்டும், ஒவ்வொரு சர்வீஸும் தன் டேட்டாவைத் தானே வைத்துக்கொள்ளட்டும். கற்கிறவருக்கு இந்தப் பெயர்ச் சண்டையால் லாபமில்லை.

ஆறு பேர் கொண்ட டீம் எங்களுடையது. ஒரே அப்ளிகேஷன்தான், நன்றாகவே ஓடுகிறது. மேலிடத்தில் இதை 20 சர்வீஸாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்புதானே என்று எனக்கும் தோன்றுகிறது. செய்யலாமா?

வேண்டாம். கற்கும் ஆசையை மதிக்கிறேன், ஆனால் உங்கள் பயணிகள் உங்கள் பயிற்சிக்கான ஆட்கள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கோரிக்கை பத்து சர்வீஸ்களை வரிசையாகக் கடக்கிறது, பத்தும் உயிரோடு இருந்தால்தான் பதில் வரும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்குகிறது. தனியாகப் பார்த்தால், 30 நாள் மாதத்தில் ஒன்று சுமார் 43 நிமிடம் படுக்கும். ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்றால், பத்தையும் பெருக்கும்போது 99 சதவீதம்தான் மிஞ்சும். அதே மாதத்தில் 7 மணி நேரத்துக்கு மேல் பயணிக்குப் பதில் கிடைக்காது. யாரும் மோசமாக வேலை செய்யவில்லை. கோர்த்த விதம் அப்படி.

இன்னொரு விஷயம் ஆட்கள். ஒரு சிஸ்டத்தைக் கட்டுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் விதம் எதுவோ, அதன் அச்சுதான் சிஸ்டத்திலும் விழும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து 20 சர்வீஸ் கட்டினால், ஆளுக்கு மூன்று நான்கு வரும். எல்லோருக்கும் எல்லாவற்றின் உள்ளும் தெரிந்திருக்கும். அந்த உள்விவரம் மெல்ல மெல்ல ஒப்பந்தத்துக்குள் கசியும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: அப்ளிகேஷன் ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளே மாட்யூல்களுக்கு நடுவே கோட்டைக் கறாராகப் போடுங்கள். ஒரு மாட்யூலின் டேபிளை இன்னொன்று தொடக் கூடாது; அறிவிக்கப்பட்ட சில ஃபங்ஷன்கள் வழியாக மட்டும் பேச வேண்டும். மீறினால் பில்ட் உடைய வேண்டும், அதாவது ஓடும் புரோகிராம் உருவாகவே கூடாது. ஆறு மாதம் அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால், அவற்றில் ஒன்றைத் தனி சர்வீஸாக எடுத்துப் பாருங்கள், அதுவும் அப்படி எடுக்க ஒரு காரணம் இருந்தால். தகவல் அனுப்பும் பகுதி முதலில் பிரிக்க ஏற்றது. அது கொஞ்சம் தாமதித்தாலும் முன்பதிவு நிற்காது. கோடு தப்பாக விழுந்திருந்தால், ஒரே அப்ளிகேஷனுக்குள் அதை நகர்த்துவது ஒரு நாள் வேலை. நெட்வொர்க்குக்கு இருபுறமும் போய்விட்ட பிறகு அது மாதக் கணக்கு.

டைம்அவுட் (பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது), ரீட்ரை (மறுபடி முயல்வது), சர்க்யூட் பிரேக்கர் என்று வரையறைகள் எல்லாம் தெரியும். ஆனால் எந்த எண்ணைப் போடுவது என்று வரும்போது குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். இதற்கு ஒரு பிடிப்பு எப்படி வரும்?

குத்துமதிப்பாகப் போட்டு நானும் அடிபட்டிருக்கிறேன். வரிசையாக நான்கு சர்வீஸ். கடைசியில் இருந்தது கொஞ்சம் திணற ஆரம்பித்தது. மேலே இருந்த மூன்றும், முதல் முயற்சியோடு சேர்த்து மூன்று முறை முயலும்படி எழுதப்பட்டிருந்தன; மூன்று டீமும் தனித்தனியாக, நல்லெண்ணத்தோடு எழுதியது. மூன்றை மூன்றால் பெருக்கி, இன்னொரு மூன்றால் பெருக்குங்கள். பயணி ஒரு முறை பட்டனை அழுத்தினால் கடைசி சர்வீஸின் கதவை 27 தட்டு தட்டினோம். திணறிக்கொண்டிருந்தது படுத்தேவிட்டது. எழுப்பினால் அடுத்த நிமிடமே மறுபடி படுத்தது. மேலே இருந்த ரீட்ரைகளை ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தது.

பிடிப்பு வர, உங்கள் லேப்டாப் போதும். இரண்டு சின்ன சர்வீஸ் எழுதுங்கள். முதலாவதுக்கு 20 த்ரெட் மட்டும் கொடுங்கள்; ஒரு த்ரெட் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். அது இரண்டாவதைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கட்டும். விநாடிக்கு 10 கோரிக்கை அனுப்புங்கள். இரண்டாவது 100 மில்லிவிநாடியில் பதில் சொன்னால், எந்த நேரத்திலும் சராசரியாக ஒரு த்ரெட்தான் வேலையில் இருக்கும்: 10-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 1. இப்போது இரண்டாவது சர்வீஸில் 5 விநாடி தூங்கும் ஒரு வரியைச் சேருங்கள். 10-ஐ 5-ஆல் பெருக்கினால் 50 த்ரெட் வேண்டும், உங்களிடம் இருப்பது 20. இரண்டாவது விநாடியிலேயே நிரம்பிவிடும். அதன் பிறகு, இரண்டாவது சர்வீஸின் உதவியே தேவைப்படாத கோரிக்கைகளும் வாசலில் நிற்கும். இந்தப் பெருக்கலுக்கு லிட்டில் விதி என்று பெயர்; ஜான் லிட்டில் 1961-ல் நிறுவியது.

இனி டைம்அவுட்டை 1 விநாடி என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். 10 த்ரெட் காத்திருக்கும், 10 காலியாக இருக்கும். சர்வீஸ் மூச்சுவிடும். எண் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? கையில் இருக்கும் த்ரெட், வரும் வேகம், எவ்வளவு இடம் காலியாக வைத்திருக்க விரும்புகிறீர்கள், மூன்றும் சேர்ந்து அந்த எண்ணைச் சொல்கின்றன. ரீட்ரையை ஒரே ஒரு மட்டத்தில் வையுங்கள். முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், எல்லோரும் ஒரே நொடியில் தட்டாதபடி அதில் கொஞ்சம் முன்பின் கலந்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் சர்க்யூட் பிரேக்கர். மின்சார டிரிப் சுவிட்ச் போலவே: கொஞ்ச நேரத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு, பிறகு ஒருவரை மட்டும் அனுப்பிச் சரியாகிவிட்டதா என்று பார்ப்பது.

நான் புரோகிராமர் இல்லை, பிசினஸ் அனலிஸ்ட். சர்வீஸ்களைப் பிரிக்கும் கூட்டங்களில் என்னையும் உட்காரவைக்கிறார்கள், ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கும் இதில் கற்க ஏதாவது உண்டா?

அந்த அறையில் அதிகம் தேவைப்படுகிறவர் நீங்கள்தான். சொற்களைக் கவனியுங்கள். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு பொருளில் சொல்லும் இடத்தில் ஒரு கோடு ஒளிந்திருக்கிறது.

"டிக்கெட்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவுக்கு அது பணம் வந்த ஒரு பதிவு. நடத்துனருக்கு, இன்று இந்த இருக்கையில் யார் உட்கார வேண்டும் என்ற தகவல். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் "இன்னிக்கு எத்தனை டிக்கெட் க்ளோஸ் பண்ணோம்?" என்றால் அது புகார்! இந்த மூன்றையும் ஒரே டேபிளில் அடைத்த ஒரு சிஸ்டத்தை நான் பார்த்திருக்கிறேன். முப்பதுக்கு மேல் நெடுவரிசைகள். எந்தப் பிரிவை எடுத்தாலும் பாதி காலியாகக் கிடக்கும். எரிக் எவன்ஸ் 2003-ல் பவுண்டட் கான்டெக்ஸ்ட் என்று பெயர் சூட்டியது இதற்குத்தான்: ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் செல்லுபடியாகும் எல்லை.

இதைக் கூட்டமாகச் செய்ய ஈவென்ட் ஸ்டார்மிங் என்ற முறை இருக்கிறது. ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013-ல் எழுதியது. நீளமான சுவர், ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள்கள். நடந்து முடிந்தவற்றை மட்டும் எழுத வேண்டும்: இருக்கை ஒதுக்கப்பட்டது, பணம் வந்தது, வண்டி மாற்றப்பட்டது. கால வரிசையில் ஒட்டிக்கொண்டே போகும்போது, யாராவது ஒருவர் "இல்லை, அப்படி நடக்காது" என்பார். அங்கே நின்றுவிடுங்கள். "அப்போது எப்படி நடக்கும்?" என்று கேட்டு வாங்குங்கள். புரோகிராமர்கள் சங்கோஜப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்வி அது.

பழைய சிஸ்டத்தில் ஒரே டிரான்சாக்ஷனில் இருக்கையும் பணமும் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் இரண்டும் பதிவாகாது. சர்வீஸ்களாகப் பிரித்த பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. சாகா பற்றிப் படித்தேன், தலை சுற்றுகிறது.

சாகா 1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதியது. நீண்ட நேரம் ஓடும் டிரான்சாக்ஷன் ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அதை ஈடுகட்டும் எதிர்வேலை ஒன்றை எழுதிவைப்பது. தலை சுற்றுவது படங்களால். படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கதையாக எழுதுங்கள்.

இருக்கையைப் பத்து நிமிடம் பிடித்துவைத்தோம். பணம் கேட்டோம். இங்கே மூன்று கதை கிளம்பும்: பணம் வந்தது, பணம் மறுக்கப்பட்டது, பதிலே வரவில்லை. எழுதிப் பார்த்தால் மூன்றாவதுதான் கைவலிக்கும். பத்து நிமிடம் முடிந்து இருக்கையை விடுவித்து, இன்னொருவருக்குக் கொடுத்த பிறகு "பணம் வந்தது" என்று தாமதமாகச் செய்தி வந்தால்? பணத்தைத் திருப்புவதா, பக்கத்து இருக்கையைக் கொடுப்பதா? இதை நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். கணினி வருவதற்கு முன்பு கவுன்ட்டரில் இருந்தவர்களும் இதே சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். அந்த வேலையில் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதுதான் எதிர்வேலை. திரும்பப் பெற முடியாததைக் கடைசியில் வையுங்கள். அனுப்பிய குறுஞ்செய்தியைத் திரும்ப வாங்க முடியாது, ஆகவே மற்ற எல்லாம் முடிந்த பிறகுதான் அது.

நான் தனியாகப் படிக்கிறேன். டீம் கிடையாது, சொல்லித்தர ஆளில்லை. என் வடிவமைப்பு சரியா தப்பா என்று யார் சொல்வார்கள்?

மூன்று மாதம் கழித்து நீங்களே சொல்வீர்கள், இன்றைக்கே காரணத்தை எழுதிவைத்தால். மைக்கேல் நைகார்ட் 2011-ல் ஓர் எளிய வடிவத்தை முன்வைத்தார்: சூழ்நிலை என்ன, எடுத்த முடிவு என்ன, அதனால் வரும் விளைவுகள் என்ன. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கம். நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். விளைவுகளில் கெட்டதையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கம் தருகிறேன். "சூழ்நிலை: தகவல் அனுப்பும் சர்வீஸ், ஒவ்வொரு முறையும் போன் நம்பருக்காகப் பயணி சர்வீஸைக் கேட்கிறது. அது படுத்தால் தகவலும் போகாது. முடிவு: போன் நம்பரின் நகல் ஒன்றைத் தகவல் சர்வீஸிலேயே வைக்கிறோம், ஒவ்வொரு ராத்திரியும் புதுப்பிக்கிறோம். விளைவு: பயணி சர்வீஸ் இல்லாவிட்டாலும் தகவல் போகும். நகல் அதிகபட்சம் ஒரு நாள் பழையதாக இருக்கலாம், பரவாயில்லை."

அதற்குக் கீழே, நான்கு மாதம் கழித்து, சிவப்பு மையில்: "பரவாயில்லை என்று எழுதியது தப்பு. நம்பரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பயணத்துக்கு முந்தின நாள்தான் மாற்றுகிறார்கள். வண்டி மாறிய செய்தி பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. நகல் இருக்கட்டும், ராத்திரி வரை காத்திராமல், நம்பர் மாறியதும் பயணி சர்வீஸ் அறிவிக்க வேண்டும்."